மணியோசை எட்டும் குடும்பம்

நாட்டு மக்களின் மனதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காக டில்லியில் ஒரு கழகம் இருந்தது. அகில பாரத மக்கள் கருத்தறி கழகம் என்று பெயர். நான்கு மாடிக் கட்டடம். வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவல்காரர் நின்றார். மக்களில் யாராவது நேரே உள்ளே வந்து மனதில் இருப்பதைச் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை.

அறுபத்திரண்டாம் வருஷக் கடைசியில் வடக்கு எல்லையில் சண்டை வந்து, வந்த வேகத்தில் நின்றும் போனது. சண்டை நடந்தபோது சும்மா இருந்த கழகத்துக்கு, அது நின்றதும் வேலை வந்துவிட்டது. மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று உடனே தெரிந்தாக வேண்டும். கழகத்தின் இயக்குநர் ரேடியோவில் பேசினார்.

"இதுவரை எங்கள் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று கருத்தறிந்தார்கள். அதில் மழை, நாய், வெற்றிலை எச்சில் முதலிய இடையூறுகள் ஏற்பட்டன. ஆகவே இம்முறை தேசம் முழுவதும் தொலைபேசி மூலமே கருத்தறியப்படும். தொலைபேசி இல்லாதவர்களின் கருத்து என்னாவது என்று சிலர் வினவுகிறார்கள். அவர்களுக்குக் கருத்துத் தெரிவிக்க வசதி இல்லை. வசதி இல்லாதவர்களைத் தொந்தரவு செய்வது ஜனநாயகம் ஆகாது."

கைதட்டலும் ரேடியோவில் கேட்டது. தொலைபேசி இல்லாத வீடுகளில் இருந்தவர்கள்தான் அதைப் பெரும்பாலும் கேட்டார்கள்.

நாட்டிலுள்ள தொலைபேசி நம்பர்களையெல்லாம் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டார்கள். தென்காசி எக்ஸ்சேஞ்சுக்கு உட்பட்ட பகுதியில் குற்றாலம் திரிகூட விலாஸ் லாட்ஜின் நம்பர் விழுந்தது. அந்த லாட்ஜின் மானேஜர் குற்றாலிங்கம், நல்ல மனிதர், கொஞ்சம் பயந்தவர். சீசனில் "ரூம் இல்லை" என்பார். சீசன் முடிந்தால் "ரூம் இருக்கு" என்பார். இந்த இரண்டைத் தவிர அவரிடம் ஆயுசில் யாரும் கருத்து கேட்டதில்லை.

லாட்ஜில் பெருக்கித் துடைத்துப் போர்வை துவைத்துப் போடுகிறவள் தங்கத்தாய். மேலகரத்தில் ஒற்றை அறை வீடு. புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. ஒரே மகன் சுடலைக்கண்ணு பட்டாளத்தில் இருந்தான். பயிற்சி முடிந்த அன்று பெங்களூரிலிருந்து லாட்ஜுக்கு டிரங்கால் போட்டு, "எம்மா, நான்தான்" என்றான். "சாப்பிட்டியாலே?" என்று இவள் கேட்டாள். அத்தோடு லைன் அறுந்துபோயிற்று. அவன் என்ன பதில் சொன்னானோ, அது வழியிலேயே எங்கேயோ நின்றுவிட்டது.

சண்டைக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ஒருதடவை அவன் குரல் வந்த கருவி அதுதான் என்பதால், இனியும் அதில்தான் வரும் என்று அவள் நம்பினாள். தொலைபேசி இருந்த ஆபீஸ் அறையைப் பெருக்கினாள், துடைத்தாள், காய்ந்ததும் மறுபடியும் பெருக்கினாள். பார்க்கவே கஷ்டமாக இருந்ததால் குற்றாலிங்கம், பாளையங்கோட்டையில் பட்டாளத்துக்காரர்களின் குடும்பங்களுக்கென்று இருக்கும் ஆபீசுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுச் சொல்வதாக வாக்குக் கொடுத்தார்.

வாக்குக் கொடுத்த மறுநாள் டில்லியிலிருந்து கடிதம் வந்தது. "தங்கள் தொலைபேசி பாரத மக்களின் பிரதிநிதியாகத் தேர்வு பெற்றுள்ளது. கருத்தறிதல் நிறைவுறும் வரை அதனை வேறெந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தலாகாது." லாட்ஜ் முதலாளி தென்காசியிலிருந்து காரில் வந்து, தொலைபேசிக்குச் சந்தனம் வைத்துக் கதம்ப மாலை போட்டுவிட்டுப் போனார்.

"அண்ணாச்சி, பாளையங்கோட்டைக்குக் கேட்டுச் சொல்லுதேன்னீயளே" என்றாள் தங்கத்தாய்.

"இப்பம் அதத் தொடக் கூடாதாம் தாயி. டில்லிக்காரன் எழுதிட்டான். மொதல்ல அவன் நம்மளக் கேட்டு முடிக்கட்டும். பொறவு நாம கேப்போம்."

"அவுகளுக்கு என்ன வேணுமாம்?"

"நாம என்ன நெனைக்கோம்னு தெரியணுமாம்."

"என் நெனப்பு மேலகரம் பூராவுக்கும் தெரியுமே, அண்ணாச்சி."

குற்றாலிங்கம் மாலையைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டார்.

சென்னையில் இருந்த மண்டல அதிகாரியின் பெயர் பால்வண்ணநாதன். பெயரைப் பார்த்தால் சங்கரன்கோவில் பக்கத்து மனிதர். ஆனால் ஊர்ப் பேச்சு பதில் சொல்பவரின் மனதைத் திருப்பிவிடும் என்று கழகத்தின் விதி சொல்லியதால், அவர் அதைச் சென்னையில் ரயிலிறங்கிய ஸ்டேஷனிலேயே இறக்கி வைத்துவிட்டிருந்தார். முதலில் சோதனைக்காகக் கூப்பிட்டார்.

"மணி ஒலித்ததா?"

"ஒலிச்சதாலதான சார் எடுத்தேன்."

"விளக்கம் வேண்டாம். ஆம் அல்லது இல்லை."

"ஆம் சார்."

"நீங்கள் எடுத்துவிட்டபடியால் மணி முழுமையாக ஒலித்ததா என்பதை எங்களால் அறிய முடியவில்லை. மீண்டும் அழைப்போம். இம்முறை எடுக்கலாகாது."

மறுபடியும் மணி அடித்தது. குற்றாலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். போர்வைகளை அலசிக்கொண்டிருந்த தங்கத்தாய் ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி, மணி அடிக்கி! எடுங்க அண்ணாச்சி!"

"எடுக்கக் கூடாது. சோதனை."

"எம் மவனா இருந்தா?"

"சுடல இல்ல தாயி. மெட்ராஸ் ஆபீசரு."

"எடுக்காம உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் முதலாளியின் மாலை கிடந்த அந்தக் கருவிக்கு முன்னால் நின்று, அது அடித்து ஓய்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தரையில் சொட்டியிருந்த தண்ணீரை முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள்.

அடுத்தது குடும்பத்தை நிர்ணயிக்கும் வேலை. ஒரு தொலைபேசி ஒரு குடும்பத்துக்கு உரியது என்பது கழகத்தின் கொள்கை. லாட்ஜில் குடும்பம் கிடையாது என்று குற்றாலிங்கம் சொன்னதும் பால்வண்ணநாதன் டில்லியைக் கேட்டார். டில்லி யோசித்து ஒரு விளக்கம் அனுப்பியது. மணியோசை எந்த எல்லைவரை எட்டுகிறதோ, அந்த எல்லைக்குள் இருக்கும் அனைவரும் அந்தத் தொலைபேசியின் குடும்பத்தினர்.

எல்லையைக் கண்டுபிடிக்க, குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் அய்யாக்குட்டியை வெளியே அனுப்பினார்கள். சென்னையிலிருந்து மணி அடிக்க, அவன் ஒவ்வோர் எட்டாகப் பின்னால் போய்க் கேட்க வேண்டும். கார்த்திகை மாதத்து மழையில் பேரருவி பொங்கி விழுந்துகொண்டிருந்தது. லாட்ஜ் வாசற்படியைத் தாண்டியதும் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"அருவி இரைச்சல்ல மணி கேக்கல சார்" என்று குற்றாலிங்கம் அறிவித்தார்.

"அருவியைச் சற்று நேரம் நிறுத்த இயலுமா?"

"இயலாது சார்."

"ஆக, அருவி பெருகினால் குடும்பம் சுருங்கும் என்று குறித்துக்கொள்கிறேன்" என்றார் பால்வண்ணநாதன். அவர் குரலில் ஒரு விஞ்ஞானியின் திருப்தி இருந்தது.

இப்படியாகக் குற்றாலிங்கம், அய்யாக்குட்டி, தங்கத்தாய் மூன்று பேரும் ஒரே குடும்பம் ஆனார்கள். சாதி விட்டுச் சாதி இப்படி ஒரு குடும்பத்தை மேலகரத்தில் வேறு யாராவது உண்டாக்கியிருந்தால் வெட்டுக்குத்து நடந்திருக்கும். கழகம் டில்லியில் இருந்ததால் பிழைத்தது.

குடும்பத்தில் யார் பதில் சொல்வது? யாருடைய பிறந்தநாள் அடுத்ததாக வருகிறதோ அவர் சொல்ல வேண்டும். கழகம் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த முறை அது. அங்கே எல்லோரும் பிறந்தநாளைத் தெரிந்துவைத்துக்கொண்டுதான் பிறப்பார்கள் போலிருக்கிறது.

"எனக்கு ஆடி மாசம், சாரல் நேரம்" என்றார் குற்றாலிங்கம்.

"என்னப் பெத்த அன்னைக்கு மேல இருந்து ஒரு யானை அருவியில உருண்டு விழுந்துச்சாம். அவ்வளவுதான் எங்கம்ம சொல்லியிருக்கா" என்றான் அய்யாக்குட்டி.

"யானை விழுந்த தேதி?" என்று சென்னை கேட்டது.

"அது யாருட்டயும் சொல்லாமத்தான் விழுந்துச்சு, அய்யா."

தங்கத்தாய்க்கு மட்டும் சந்தேகமே இல்லை. கார்த்திகைத் தீபத்தன்று ஊரெல்லாம் விளக்கு ஏற்றும்போது பிறந்தவள். தீபத்துக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. ஆகவே தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, ஆய்க்குடி ஆகிய ஊர்களிலும் சுற்றுப்பட்ட கிராமங்களிலும் வாழும் சகல ஜனங்களின் கருத்தையும் சொல்லும் பொறுப்பு தங்கத்தாயிடம் வந்து சேர்ந்தது.

அவளுக்கு அது வேறு மாதிரி புரிந்தது. டில்லி சர்க்கார் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. பட்டாளமும் டில்லியில்தான் இருக்கிறது. அவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டால், கடைசியில் மகனைப் பற்றிச் சொல்லாமலா விட்டுவிடுவார்கள்? குற்றாலிங்கமும் அப்படித்தான் நினைத்தார். அவள் நினைத்ததால் இவரும் நினைத்தார்.

"எதக் கேட்டாலும் முழுத் திருப்தின்னு சொல்லிரு. டில்லிக்காரன் மனசு கோணக் கூடாது. பய அவன் கையிலல்லா இருக்கான்" என்று சொல்லிக் கொடுத்தார்.

குறித்த நாளில் தங்கத்தாய் குளித்துவிட்டு, துவைத்த சேலை கட்டிக்கொண்டு வந்தாள். தென்காசி எக்ஸ்சேஞ்சில் ஞானபாக்கியம் என்ற பெண் லைன் கொடுத்தாள். அன்று லைன் சரியில்லை. சென்னை பேசுவது குற்றாலத்துக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. அதனால் ஞானபாக்கியம் நடுவில் இருந்து ஒவ்வொரு கேள்வியையும் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.

"உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?"

"நேத்து மூணுன்னு நீங்கதான சொன்னீங்க" என்று ரிசீவரின் பக்கம் காதை வைத்து நின்ற குற்றாலிங்கம் இடையில் புகுந்தார்.

"அது தொலைபேசியின் குடும்பம். இது அவருடைய சொந்தக் குடும்பம். தயவுசெய்து விலகி நில்லுங்கள்."

"ரெண்டு பேரு அய்யா. நானும் எம் மவனும்" என்றாள் தங்கத்தாய்.

"மகன் வீட்டில் உண்கிறாரா?"

"பட்டாளத்துல இருக்கான். ஆனா அவனுக்கும் சேத்துத்தான் தெனமும் உலை வைக்கேன். எந்நேரம் வந்து நிப்பானோ. ராத்திரிக்குத் தண்ணி ஊத்தி வச்சு, விடியக்காலம் நான் குடிச்சிருவேன்."

"ஓர் அடுப்பில் சமைத்து, அதில் உண்பவரே குடும்பத்தினர். சமைப்பது மட்டும் போதாது. ஒருவர் என்று குறிக்கிறேன்."

"அவன் எம் பிள்ள அய்யா."

"பிள்ளைகள் குறித்துத் தனிக் கேள்வி இல்லை."

அவள் குற்றாலிங்கத்தைப் பார்த்தாள். போகட்டும், விட்டுவிடு என்று அவர் கையைக் காட்டினார்.

எல்லை நிலவரம் பற்றிக் கேட்டார் அதிகாரி. முழுத் திருப்தி என்றாள். அரிசி விலை பற்றிக் கேட்டார். முழுத் திருப்தி. மண்ணெண்ணெய் கிடைப்பது பற்றிக் கேட்டார். அது கிடைக்கவே இல்லை. ஆனாலும் முழுத் திருப்தி. படைவீரர்களின் நலன் பற்றிக் கேட்டபோது மட்டும் அவளுக்கு மனது பொறுக்கவில்லை.

"அங்கன பனி ரொம்பன்னு சொல்லுதாவ. நல்ல கம்பளியாக் குடுத்திருக்கீங்களா அய்யா?"

"கேள்வி கேட்பது எங்கள் பணி. பதில் சொல்வது உங்கள் உரிமை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது."

"சரி அய்யா. முழுத் திருப்தி."

அப்போது ஞானபாக்கியம் தன் குரலில் குறுக்கிட்டாள். "மெட்ராஸ் சார், குற்றாலம் போஸ்ட் ஆபீசுக்கு ஒரு அவசரத் தந்தி நிக்குது. போன்லதான் படிக்கணும். குற்றாலத்துக்கு இந்த ஒரு லைன்தான் இருக்கு. கொஞ்சம் விட்டீங்கன்னா..."

"தேசத்தின் கருத்து நடந்துகொண்டிருக்கிறது அம்மணி. இடையில் நிறுத்தினால் இதுவரை சொன்ன கருத்தெல்லாம் செல்லாது."

"அவசரம் சார்."

"எங்களுக்கு அமைச்சரகத்தின் முன்னுரிமை உண்டு. தந்தி காத்திருக்கலாம். இன்னும் ஒரே ஒரு கேள்வி."

அந்தத் தந்தி யாருக்கு என்று ஞானபாக்கியத்துக்குத் தெரியும். அவள் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. மேலகரம் தங்கத்தாய், திரிகூட விலாஸ் லாட்ஜ், குற்றாலம். மகன் சுடலைக்கண்ணு வடக்கே ஒரு ஆஸ்பத்திரியில் பனிவிறைப்பு முற்றி இறந்துபோனான் என்று பட்டாளம் வருத்தத்தோடு தெரிவித்திருந்தது. தந்தி விஷயத்தை போஸ்ட் ஆபீசைத் தவிர வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்பது ஞானபாக்கியத்தின் உத்தியோகத்துக்கு உள்ள விதி.

"கடைசிக் கேள்வி. முக்கியமான செய்திகள் உங்களுக்குத் தாமதமின்றிக் கிடைக்கின்றனவா?"

தங்கத்தாய் காதில் சரியாக விழவில்லை. "என்ன கேக்காவ தாயி?" என்று ஞானபாக்கியத்தைக் கேட்டாள். ஞானபாக்கியத்தின் கண் பக்கத்தில் இருந்த தந்தியில் நின்றது.

"தென்காசி, கேள்வியைத் திருப்பிச் சொல்லவும்" என்றது சென்னை.

"யக்கா" என்றாள் ஞானபாக்கியம். "சேதியெல்லாம் ஒங்களுக்கு உடனுக்குடனே கெடைக்கான்னு கேக்காவ."

தங்கத்தாய் வாயைத் திறந்தாள். எத்தனையோ நாளாக ஒரு சேதியும் இல்லையே என்று சொல்லத்தான் திறந்தாள். எதிரே குற்றாலிங்கம் வேண்டாம் என்று தலையைத் தலையை ஆட்டினார்.

"முழுத் திருப்தி அய்யா" என்றாள். பிறகு அவசர அவசரமாகப் பேசினாள். "அய்யா, நீங்க கேட்டதுக்கெல்லாம் சொல்லிட்டேன். எம் மவன் பேரு சுடலைக்கண்ணு. மாநெறமா இருப்பான். வலது புருவத்துல ஒரு தழும்பு கெடக்கும். அவன் எங்கன இருக்கான்னு மட்டும்..."

"ஒத்துழைப்புக்குத் தேசத்தின் நன்றி" என்று சொல்லிவிட்டு பால்வண்ணநாதன் வைத்துவிட்டார்.

லைன் காலியாயிற்று. தந்தி போனது. போஸ்ட்மேன் சைக்கிளை லாட்ஜ் வாசலில் நிறுத்தியபோது தங்கத்தாய் அந்த நல்ல சேலையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் குற்றாலிங்கத்தைத் தனியே கூப்பிட்டார். கூப்பிட்ட மாதிரியிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. அவள் போட்ட கூச்சல் அருவி இரைச்சலைத் தாண்டி, எண்ணெய்த் துணி துவைத்துக்கொண்டிருந்த அய்யாக்குட்டிக்குக் கேட்டது. மணியோசை எட்டாத இடம் அது.

அந்த வருஷம் தீபத்துக்கு அவள் வீட்டில் விளக்கு வைக்கவில்லை.

மார்கழியில் கழகத்தின் முடிவுகள் வெளியாயின. இயக்குநர் மறுபடியும் ரேடியோவுக்கு வந்தார். "செய்திகள் தாமதமின்றிக் கிடைப்பதில் மக்கள் மகிழ்ச்சியோடு இருக்கிறார்கள். குறிப்பாகத் தென்கோடியில், தென்காசி வட்டாரத்தில், மக்கள் அனைவரும் ஒரே குரலில் முழுத் திருப்தி தெரிவித்துள்ளனர். ஒருவர்கூட மாறுபடவில்லை. இத்தகைய ஒற்றுமையை நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை." குற்றாலிங்கம் எழுந்துபோய் லாட்ஜ் ஆபீஸ் ரேடியோவை அணைத்தார். முதலாளி வீட்டு ரேடியோவானால் அவருக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்காது.

விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் கருத்தை ஒருதடவை தெரிந்துகொண்டால் போதாது, அது மாறியதா என்றும் பார்க்க வேண்டும் என்று கழகத்தில் யாருக்கோ தோன்றிவிட்டது. பொங்கல் கழிந்ததும் சென்னையிலிருந்து கூப்பிட்டார்கள். முன்பு பதில் சொன்ன அதே நபர்தான் வர வேண்டுமாம்.

"தங்கத்தாய் வரமாட்டா சார். அவளுக்கு மனசு சரியில்ல" என்றார் குற்றாலிங்கம்.

"மனம் சரியில்லாதோரின் கருத்தும் எங்களுக்கு முக்கியம்."

தங்கத்தாய் தானாகவே வந்து ரிசீவரை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கென்று பார்த்து லைன் துல்லியமாக இருந்தது. பக்கத்து அறையில் பேசுவதுபோல் கேட்டது. ஞானபாக்கியம் நடுவில் வர வேண்டிய அவசியமே இல்லை.

"கடந்த கருத்தறிதலுக்குப் பின் உங்கள் குடும்ப எண்ணிக்கையில் மாற்றம் உண்டா?"

"எம் மவன் செத்துப்போயிட்டான், அய்யா."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் ஓசை கேட்டது.

"சென்ற முறை ஒருவர் என்று பதிவாகியுள்ளது. இப்போது உங்கள் அடுப்பில் உண்பவர்?"

"நான் ஒருத்திதான்."

"ஆகவே மாற்றம் இல்லை என்று குறிக்கிறேன்."

"மாத்தம் இல்லாம எப்படிய்யா? அன்னைக்கு ரெண்டு ஆளுக்கு உலை வச்சேன். இப்பம் ஒரு ஆளுக்குத்தான் வைக்கேன். கை பழகிப்போயி ஒரு பிடி கூட விழுந்துருது. பொறவு ஞாபகம் வந்து அள்ளிப் பானையில போடுதேன். அந்தப் பிடிய எங்கன எழுதுவீங்க?"

"அதற்குக் கட்டம் இல்லையே, அம்மா" என்றார் பால்வண்ணநாதன். அவர் அம்மா என்று சொன்னது விதிக்குப் புறம்பானது. சொன்ன பிறகு கடைசிக் கேள்விக்குப் போனார். முக்கியமான செய்திகள் தாமதமின்றிக் கிடைக்கின்றனவா?

"கெடைச்சுட்டு அய்யா" என்றாள் அவள். "இனிமே எனக்கு ஒரு சேதியும் வர வேண்டியதில்ல."

"முழுத் திருப்தி என்று கொள்ளலாமா?"

சற்றுப் பொறுத்துச் சென்னை நன்றி சொல்லி வைத்துவிட்டது. தங்கத்தாய் வைக்கவில்லை. வாடிச் சருகான மாலை இன்னும் தொலைபேசியின் மேல்தான் கிடந்தது. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒருவரும் இல்லாத லைனில் மெதுவாகக் கேட்டாள்.

"சாப்பிட்டியாலே?"

அழைப்பு முடிந்துவிட்டது என்று சொல்லி எக்ஸ்சேஞ்ச் போர்டிலிருந்து பிளக்கைப் பிடுங்க வேண்டிய ஞானபாக்கியம் பிடுங்கவில்லை. குற்றாலிங்கம் வந்து ரிசீவரைக் கையிலிருந்து வாங்குகிறவரை அந்த லைன் திறந்தே இருந்தது.

அழைப்பு முடிந்த பிறகும் லைனைக் காரணமின்றி அடைத்து வைத்திருந்ததற்கு விளக்கம் கேட்டு ஞானபாக்கியத்துக்கு மேலிடத்திலிருந்து மெமோ வந்தது. அவள் எழுதிக் கொடுத்தாள்: "குற்றாலத்திலிருந்து ஒரு கேள்வி கேட்கப்பட்டது. பதில் வரவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தேன்."